இரண்டு பிஸ்கட்டும் பதினோரு வருடமும்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு மணி அடிக்கும்போது, கோயில் வாசலில் நின்று இரண்டு பிஸ்கட் தின்பது டேப்பக்காவின் வழக்கம். பசிக்காகத் தின்பதில்லை. கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுப்பாள். ஒன்று, இரண்டு. தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கிவிட்டு, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள்.

பூசையில் இயேசுவின் உடலாகக் கொடுக்கும் அப்பமான நற்கருணையை வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதையும் சாப்பிடக் கூடாது என்பது கத்தோலிக்கர்களுக்குள் சட்டம். பூசை தொடங்கி முக்கால் மணியில் நற்கருணை கொடுப்பார்கள். ஆக, வாசலில் பிஸ்கட் தின்றவள் எழுந்து போக முடியாது. "என்னக்கா, நீங்க போகலையா?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால் "சாப்பிட்டுட்டேன்மா" என்று சொல்லிவிடலாம். அதில் பொய் கிடையாது. சின்னப் பொய்களில் அவள் அவ்வளவு கறார். பெரிய பொய் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பதினோரு வருடமாகச் சுமப்பவர்களுக்கு இப்படி ஒரு கறார் வந்துவிடுவதுண்டு.

வரிசை எழுந்து போகும்போது அவள் உட்கார்ந்தபடியே முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிடுவாள். அவளைத் தாண்டி முதலில் போகிறவர் அவளுடைய வீட்டுக்காரர்தான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர்; கேள்வி கேட்காத மனிதர். மனைவிக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, அதனால் பிஸ்கட் என்று அவராகவே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

டேப்பக்கா என்ற பெயர் ஆஸ்பத்திரியில் வந்தது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறையில் அவளுக்கு இருபத்தேழு வருடச் சர்வீஸ். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, இரண்டு மடிப்புத் துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே ஒரு டேப் ஒட்டுவார்கள். அந்த டேப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெளிறிய கோடுகள் இருக்கும். மெஷினுக்குள் ஆவியில் வெந்து வெளியே வரும்போது கோடுகள் கறுத்திருக்கும். கறுத்தால் மூட்டை உள்ளே போய் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு டேப்பையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள் என்பதால் டேப்பக்கா.

ஆனால் கறுத்த கோடு மட்டும் போதாது. சுத்தமான மூட்டையும் கெட்டுப்போகும். கீழே விழுந்தால் கெட்டது. துணி கிழிந்தால் கெட்டது. மெஷினுக்குள் காய்வதற்குள் அவசரப்பட்டுக் கதவைத் திறந்து, மூட்டை ஈரத்தோடு வெளியே வந்தால் அதுவும் கெட்டதுதான். ஈரத்துணி வெளியே இருக்கும் கிருமியை உறிஞ்சி உள்ளே கொண்டுபோய்விடும். அப்படிக் கெட்டதை யாரும் குப்பையில் போடுவதில்லை. பிரித்து, புதுத் துணியில் கட்டி, மறுபடியும் உள்ளே வைப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு டேப்பக்கா முதல் நாளே சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "சந்தேகம்னா திரும்ப உள்ள போடு. வெட்கப்படாத."

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் வெட்கப்பட்டாள்.

அன்று ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மூன்று முறை போன். குடலிறக்கத்துக்காக ஒருவரை மேஜைமேல் படுக்க வைத்துவிட்டார்கள். மூட்டை எங்கே, மூட்டை எங்கே என்று கத்தினார்கள். அவளோடு அந்த அறையில் வேலை பார்த்தவள் நெட்டை. ஆறடிக்கு ஓரிரு விரல் குறைவு என்பதால் அந்தப் பெயர். நெட்டை சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி மூலைக்குப் போயிருந்தாள். டேப்பக்கா சாப்பிடக்கூடப் போகாமல் மெஷின் பக்கத்தில் நின்றாள். காய்வதற்கு இன்னும் இருபது நிமிடம் பாக்கி. கதவைத் திறந்தாள். கோடு கறுத்திருந்தது. அடிப்பக்கத் துணி உள்ளங்கை அளவுக்கு ஈரம். அனுப்பிவிட்டாள்.

அந்த மனிதருக்குப் புண் சீழ் பிடித்தது. மூன்று மாதம் வார்டில் கிடந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் நிமிர்ந்து நடக்க எட்டு மாதம் ஆனது. விசாரணை வந்தது. பதிவேட்டில் கதவைத் திறந்தவர் கையெழுத்து போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"யார் திறந்தது?"

"நான் சாப்பிடப் போயிருந்தேன் சார். நெட்டைதான் இருந்தா."

வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காரணங்களெல்லாம் பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவை. அந்த நிமிடத்தில் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: நான் தப்பிக்க வேண்டும். நெட்டை வாயைத் திறந்து, மூடினாள். படி மூலையில் தனியாகச் சாப்பிட்டவளுக்குச் சாட்சி யார்? அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது டேப்பக்காவுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. காரியம் கனமானதாக இருக்க வேண்டும். அது பாவம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் மனம் சம்மதித்துச் செய்ய வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அது சாவான பாவம். ஆத்துமாவுக்குள் இருக்கும் தேவ அருளின் உயிர் போய்விடும். அந்த நிலையில் நற்கருணை வாங்கினால் பாவத்தின் மேல் பாவம். விசாரணை அறையிலிருந்து வெளியே வந்தவள் மூன்றையும் விரல்விட்டுப் பார்த்தாள். மூன்றும் சரியாக இருந்தன. அடுத்த ஞாயிறு முதல் பிஸ்கட் ஆரம்பமானது.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கலாமே என்றால், சொன்னால் மட்டும் தீராது என்று அவளுக்குத் தெரியும். பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் பறித்தது ஒருத்தியின் நல்ல பெயரை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஐம்பத்து நான்காவது வயதில் பித்தப்பையில் கல் வந்தது.

"சின்ன ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். "வியாழக்கிழமை வச்சுக்கலாம்."

சின்ன ஆபரேஷன் என்றால் என்னவென்று டேப்பக்காவுக்குத் தெரியாதா? குடலிறக்கமும் சின்ன ஆபரேஷன்தான்.

விஷயம் கேள்விப்பட்டு அடுத்த நாளே தங்கச்சி வந்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் கணவன் வீட்டாரோடு வேறு சபைக்குப் போகிறவள். அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே பேசினாள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாத பிறவி.

"ஏங்க்கா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? கல்லைத்தான எடுக்கப்போறாங்க, மலையையா பெயர்க்கப்போறாங்க?"

"ஆபரேஷனுக்கு யாருடி பயந்தா? கண்ணு முழிக்கலைன்னா அந்தப் பக்கம் எங்க போயி முழிப்பேன்னுதான்..."

தங்கச்சி கத்தியைக் கீழே வைத்தாள். "நீ இயேசுவை விசுவாசிக்கிறயா, இல்லையா?"

"விசுவாசிக்கிறேன்."

"அவ்வளவுதான். முடிஞ்சுது. ஒரு தடவ இரட்சிக்கப்பட்டவங்க எப்பவும் இரட்சிக்கப்பட்டவங்கதான். எங்க பாஸ்டர் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்றாரு."

"ஃபிரிட்ஜுக்கு உங்க மாமா கேரண்டி கார்டு எழுதிக் குடுக்குற மாதிரியா?"

"மாமா ஒரு வருஷம் குடுப்பாரு. இது ஆயுசுக்கும்."

டேப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலாவுக்குக் கீழே வலித்தது. "எனக்கும் உனக்கும் ஒரே டீச்சர்தான்டி ஞானோபதேசம் சொல்லிக்குடுத்தாங்க. உனக்கு மறந்துபோச்சா?"

"அந்த ஸ்கேல் டீச்சரா? அவங்க குடுத்த அடிதான் ஞாபகம் இருக்கு."

"கிடைச்ச அருளை நாமே தொலைக்க முடியும்னு சொன்னாங்கல்ல?"

"அப்ப உனக்குக் குடுத்த ஞானஸ்நானமெல்லாம் தண்ணியில எழுதின எழுத்தா?"

"அது இல்ல. அந்த முத்திரை அழியாது. வீட்டை விட்டு ஓடிப்போன புள்ளயும் புள்ளதான். ஆனா அது வீட்டுல இல்லையே."

"கர்த்தர் பிடிச்ச கையை விடவே மாட்டாருக்கா."

"அவரு விடமாட்டாரு. நான் உதறிட்டா?"

"உதறிட்டுப் போறவன் முதல்லயே உண்மையா பிடிக்கலைன்னு அர்த்தம். பாஸ்டர் அதுக்கும் பதில் வச்சிருக்காரு."

"அப்படியா? அப்ப நீ உண்மையாத்தான் பிடிச்சிருக்கியான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தங்கச்சி கீழே வைத்த கத்தியைத் தேடி எடுத்தாள். பிறகு, "தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிழங்கை எடுத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எங்க ரூம்ல பாரு," என்றாள் டேப்பக்கா மெதுவாக. "உள்ள போயி சுத்தமா வந்த மூட்டையும் ஈரமானா கெட்டதுதான். கோடு கறுப்பா இருக்குன்னு அனுப்ப முடியாது."

"மனுஷன் என்ன துணிமூட்டையாக்கா?"

"இல்லதான். துணிமூட்டை தானாப் போயி ஈரமாகறதில்ல."

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். அக்கா எதையோ சொல்லாமல் சொல்கிறாள் என்று புரிந்தது. கேட்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "எதுவா இருந்தாலும் போய் முடிச்சுட்டு வந்துடு. உங்க வழியில ஒரு வழி இருக்குமில்ல, அந்த வழியிலயே போயேன்" என்றாள். அவளுடைய சபைப் போதனையில் சேராத அந்த வார்த்தைதான் அன்றைக்கு டேப்பக்காவுக்கு உதவியது.

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டாள். மரச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் சாமியாருக்குக் கடும் ஜலதோஷம்.

"கடைசியா எப்பம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணின?"

"பதினோரு வருஷம் ஆச்சு ஃபாதர்."

"சத்தமா சொல்லு, காது அடைச்சிருக்கு."

"சத்தமா சொன்னா வெளிய வரிசையில நிக்கிறவங்களுக்குக் கேக்கும் ஃபாதர்."

அவர் மூக்கைச் சிந்திவிட்டுக் காதைச் சட்டத்தோடு ஒட்டிவைத்தார். அவள் சொன்னாள். ஈர மூட்டை, காலிக் கட்டம், "நான் சாப்பிடப் போயிருந்தேன்" என்ற ஐந்து விநாடி வாக்கியம். நெட்டை, அந்த நோயாளி, இரண்டு பிஸ்கட், எல்லாவற்றையும்.

"இப்ப ஏன் வந்த?"

"வியாழக்கிழமை ஆபரேஷன். பயந்து வந்தேன். பயந்து வந்தா செல்லாதா ஃபாதர்?"

"செல்லும். பயமும் ஒரு பஸ்தான். வாசல்ல கொண்டுவந்து இறக்கிவிட்டுச்சில்ல, போதும். கடவுள் பஸ் நம்பர் பார்க்கிறதில்ல. சரி, அந்தப் பொம்பளையோட பேரைத் திருப்பிக் குடுப்பியா?"

"ஆபரேஷன் முடியட்டும் ஃபாதர். ரிட்டயர் ஆக மூணு வருஷம்தான் இருக்கு. அப்புறம்..."

"நாளைக்கே செஞ்சு முடின்னு நான் சொல்லல. செய்வேன்னு மனசுல இருக்கான்னு கேக்குறேன். இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மன்னிப்பு கிடைத்துவிடும். கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் மனதுக்குள் தேடிப் பார்த்தால் அது இல்லை. சின்னப் பொய் சொல்லாத அந்த வாய், அங்கேயும் சொல்ல மறுத்துவிட்டது.

"இல்ல ஃபாதர்."

"உன்னை இங்க யாரும் வெளிய தள்ளலம்மா. நீயே எந்திரிச்சுப் போற. திரும்பி வரவும் உன்னால முடியும். நான் இங்கதான் இருப்பேன், இந்த ஜலதோஷத்தோட."

அவள் எழுந்தாள். வரிசையில் நின்றவர்கள் "சீக்கிரம் முடிஞ்சிருச்சே" என்பது போலப் பார்த்தார்கள். மறுநாள் ஞாயிறு. பிஸ்கட் தொண்டையில் சிக்கியது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி. மெஷின் ஓடி நின்றது. கதவைத் திறந்து மூட்டைகளை எடுத்து வைத்தாள். ஐந்தாவது மூட்டையின் டேப் நன்றாகக் கறுத்திருந்தது. அடியில் கை வைத்தாள். ஈரம். உள்ளங்கை அளவு.

அந்த நேரம் பார்த்துத் தியேட்டரிலிருந்து போன். "அக்கா, அந்த மூட்டை எங்கக்கா? டாக்டர் கத்துறாரு."

"இன்னொரு தடவ போடணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"ஒரு மணி நேரமா! கோடு வரலையா?"

"வந்திருச்சு. ஈரமா இருக்கு. டாக்டரைக் கத்தச் சொல்லு, தொண்டைக்கு நல்லது."

போனை வைத்தாள். மூட்டையைப் பிரித்தாள். புதுத் துணியில் கட்டினாள். உள்ளே வைத்துக் கதவைத் திருகி மூடினாள். பதினோரு வருடமாக ஆயிரம் மூட்டைகளுக்கு இதைச் செய்த கைதான். ஆனால் அன்று கதவு மூடிய பிறகு அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. ஆவி ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கவும் இல்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் இரக்கம் காட்டியவள், தன்னை மட்டும் பதினோரு வருடம் ஈரத்தோடு அலமாரியில் வைத்திருந்தாள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நெட்டையின் கடைக்குப் போனாள். ஜிப் மாற்றுவது, ஓரம் மடித்துத் தைப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது. ஒற்றைக் கதவுக் கடை. வீட்டிலிருந்து அடுத்த தெருதான். பதினோரு வருடமாக டேப்பக்கா அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள்.

நெட்டை தையல் மெஷினில் குனிந்திருந்தாள். "என்ன, ஜிப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள். பார்த்தாள். முகம் மாறவில்லை.

"உள்ள வா. வாசல்ல நின்னா வெளிச்சத்தை மறைக்கிற."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. நான் மிதிச்சுக்கிட்டே கேக்குறேன். அஞ்சு மணிக்கு இந்தப் பேன்ட்டைக் குடுக்கணும்."

டேப்பக்கா சொன்னாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "கதவைத் திறந்தது நான்" என்ற இடத்தில் நின்றது.

"இதைச் சொல்ல உனக்குப் பதினோரு வருஷம் ஆச்சாடி? அடுத்த தெருவுல இருந்துகிட்டு?"

"உனக்கு அப்பவே தெரியுமா, நான்தான்னு?"

"நான் திறக்கலைன்னா வேற யாரு, தேவதூதரா வந்து திறந்தாரு? ரெண்டு பேரு வேலை பார்த்த ரூம்டி அது."

டேப்பக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நெட்டை நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"நான் கோயில்ல மேல பாட்டுக் குழுவுல நிக்கிறேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் தலையைத் தூக்கினதே இல்ல."

"மேலேர்ந்து பார்த்தா எல்லாம் தெரியும். யாருக்கு வழுக்கை விழுது, யாரு பிரசங்கத்துல தூங்குறா, யாரு எந்திரிக்கல, எல்லாம். அந்த முதல் ஞாயித்துக்கிழமை நீ மட்டும் எந்திரிச்சுப் போயி நாக்கை நீட்டி நற்கருணை வாங்கியிருந்தா, பாட்டு புக்கை உன் தலையில போட்டிருப்பேன். நீ போகல. அடுத்த வாரமும் போகல. சரி, இவ முழுசா சாகல, உள்ள எங்கயோ துடிப்பு இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். நீ எங்கிட்ட கேட்ட மன்னிப்பு இத்தனை வருஷத்துல அது ஒண்ணுதான்."

"என்னை மன்னிச்சிடு நெட்டை."

"இரு, இரு. எனக்கு மட்டும் சும்மா இருந்துச்சா? மாசா மாசம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறேன். 'ஒருத்தியை மனசார வெறுக்கிறேன் ஃபாதர்'ங்கிறேன். மன்னிப்பு வாங்கிட்டுப் படி இறங்குறேன். ஞாயித்துக்கிழமை மேலேர்ந்து உன் உச்சந்தலையைப் பார்த்ததும் போச்சு! திரும்பவும் போறேன். அவரு, 'அதே பொம்பளையா?'ங்கிறாரு. 'அதே பொம்பளைதான் ஃபாதர், மாத்துறதுக்கு வேற ஆள் கிடைக்கல'ன்னேன்."

டேப்பக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நெட்டைக்கும் உதடு துடித்தது. உடனே இறுக்கிக்கொண்டாள்.

"சிரிச்சதால எல்லாம் சரியாப்போச்சுன்னு நினைக்காத. எம் புள்ளைங்களை ஸ்கூல்ல என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க தெரியுமா? ஆளைக் கொல்லப் பார்த்தவளோட பசங்கன்னு. இங்க, இந்த நாலு சுவத்துக்குள்ள நீ சொன்னது எனக்கு. ஊருக்கு யாரு சொல்லுவா? எழுதிக் குடு. ஆஸ்பத்திரி போர்டுல ஒட்டட்டும்."

"எழுதிக் குடுக்கறேன்."

"எப்ப? செத்ததுக்கு அப்புறமா?"

"நாளைக்கு."

அன்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படித்தார். முடித்ததும் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்ப சர்க்கரை இல்லையா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்க."

"பதினோரு வருஷமா டீயில சர்க்கரை குறைச்சுப் போட்டேனே!" என்றார். பிறகு எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தலைமை நர்ஸிடம் கடிதத்தை நீட்டினாள். அந்த அம்மாள் நின்றபடியே படித்து, கதவைச் சாத்தினாள்.

"நாளை மறுநாள் உங்களுக்கு ஆபரேஷன். உடம்பைப் பாருங்க. அப்புறம் பேசலாம். இதை நான் பார்க்கலைன்னு வச்சுக்கறேன்."

எவ்வளவு கனிவான குரல்! சனிக்கிழமை சாமியாரிடம் டேப்பக்கா கேட்டதும் இதைத்தானே. அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

"பார்த்துடுங்க மேடம்," என்றாள். "பார்த்து, வாங்கினதா ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க. எங்க ரூம் பதிவேட்டுல ஒரு கட்டம் காலியா இருந்ததாலதான் இவ்வளவும்."

அன்று சாயங்காலம் மறுபடியும் மரச் சட்டம்; மறுபடியும் அந்த ஜலதோஷம்.

"ஃபாதர், குடுத்துட்டேன்."

அவர் "ம்" என்றார். அந்த 'ம்'மில் ஒரு சந்தோஷம் இருந்தது. பாவமன்னிப்பு ஜெபத்தைச் சொன்னார். தும்மலுக்காக நடுவில் ஒரு முறை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பரிகாரமாக ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார்.

"ஒண்ணா? பதினோரு வருஷத்துக்கு ஒண்ணா ஃபாதர்? கூட ரெண்டு குடுங்களேன்."

"பேரம் பேசாதம்மா. அந்த நோயாளி உயிரோட இருந்தா அவரையும் போய்ப் பாரு."

"இனிமே இந்த அருள் போகாதில்ல ஃபாதர்?"

"போகும். நீ விட்டா போகும். அதனால விடாத. தினமும் கேளு. விட்டுட்டா, எங்க வரணும்னு உனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை மேஜைமேல் படுத்திருந்தபோது, பக்கத்துத் தள்ளுவண்டியில் தனக்கான கருவி மூட்டை இருப்பதைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் கை நீண்டது.

"அக்கா, தொடாதீங்க! உங்களுக்கே சொல்லணுமா?" என்று தியேட்டர் நர்ஸ் அலறினாள்.

"கோடு கறுத்திருக்கு. அடியில ஈரமான்னு பார்த்தியா?"

"பார்த்துட்டேன், காய்ஞ்சிருக்கு. நீங்க கண்ணை மூடுங்க முதல்ல."

மூடினாள். எந்தப் பக்கம் விழித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. இந்தப் பக்கமே விழித்தாள். மூன்று கல், பட்டாணி அளவு.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. கடிதம் ஒரு மாதம் போர்டில் தொங்கியது. டேப்பக்காவைக் கிருமி நீக்கும் அறையிலிருந்து எடுத்து, போர்வை துவைக்கும் பிரிவில் போட்டார்கள். இருபத்தேழு வருடம் பார்த்த டேப்பை இனி அவள் பார்க்க வேண்டியதில்லை. பழைய சிநேகிதிகள் சிலர் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நெட்டைக்கு ஆஸ்பத்திரி வருத்தம் தெரிவித்து எழுதியது. அவள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினாள். குடலிறக்க நோயாளியின் வீட்டையும் தேடிப் போனாள் டேப்பக்கா. அவர் முழுவதையும் கேட்டார். "யாருன்னு தெரிஞ்சது நல்லது" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். அவருடைய மன்னிப்பு அவருடையது. கேட்டுப் பிடுங்கிக்கொள்ள முடியாது.

தையல் பிரித்த பிறகு வந்த முதல் ஞாயிறு. இரண்டாம் பூசை. கோயில் வாசலில் மணி அடிக்கும்போது அவள் கை தானாகப் பைக்குள் போய்ப் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துவிட்டது. எடுத்ததும் திகைத்தாள். பிறகு அதை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் நடந்தாள்.

நடுவில் நற்கருணைக்கு வரிசை எழுந்தது. டேப்பக்கா எழுந்து நின்றாள். வீட்டுக்காரர் எழவில்லை.

"வாங்க, போகலாம்."

"நீ போ." அவர் முகம் பள்ளிக்கூடப் பையன் முகம் மாதிரி இருந்தது. "நீ பாக்கெட்டைக் கையில குடுத்தியா... கையில இருந்துச்சா... ரெண்டைத் தின்னுட்டேன்."

பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். டேப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக நிமிர்ந்து மேலே பார்த்தாள். பாட்டுக் குழுவில் எல்லோருக்கும் மேலே ஒரு தலை. புத்தகத்தைப் பார்க்காமல் கீழே, நேராக இவளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை, பாட்டை நிறுத்தவும் இல்லை. 'ம், நட' என்பது போல முகவாயை மட்டும் அசைத்தது.

வீட்டுக்காரர் முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிட்டார். டேப்பக்கா அவரைத் தாண்டி வரிசைக்குள் போனாள்.